உள்ளூர் நூலகத்துக்கு எது முதலில்: பதிப்பக நூலா, சாம்பல் இலக்கியமா?

பதிப்பக நூல் வாங்குவது சுலபம். நூலை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண் இருக்கும், தொலைந்தால் வேறு பிரதி கிடைக்கும். ஆய்வறிக்கை, கூட்டக் குறிப்பு, தொண்டு நிறுவனக் கணக்கெடுப்பு போன்று பதிப்பகம் வழியாக வராத ஆவணங்களைத்தான் சாம்பல் இலக்கியம் என்கிறார்கள். அது பெரும்பாலும் கடைக்கே வராது. சிலவற்றில் தேதிகூட இருக்காது. ஆனால் எந்தத் தெருவில் வெள்ளம் நின்றது என்பது அதில்தான் கிடைக்கும். வடிகால் கேட்டு மனு எழுதுபவருக்கு நீரியல் பாடநூலைவிடப் பழைய வெள்ள வரைபடம்தான் உதவும்.

தரம்? அங்கே பொதுவாக நூல்தான் மேல். பதிப்பாசிரியர் கைபட்டு வந்திருக்கும். அறிக்கையை யார் பணம் கொடுத்து எழுதவைத்தார்கள் என்று பார்த்துத்தான் நம்ப வேண்டும்.

சரி, இணையத்தில்தான் இருக்கிறதே என்று விடவும் முடியாது. திட்டம் முடிந்தால் இணையதளமும் காணாமல் போகலாம். பணமும் இடமும் குறைவென்றால் என் ஓட்டு அறிக்கைகளுக்கே. வந்த அன்றே தேதியும் அமைப்பின் பெயரும் குறித்து ஸ்கேன் செய்துவிட வேண்டும்.