டி.என்.எஸ். பேக்கப்: ஏஜென்ட்டிடம் கேட்பதா, கிட்டில் வைப்பதா?

சின்ன நிறுவனங்கள் சிலவற்றின் டொமைன்களை நான் பார்த்துக்கொள்கிறேன். சைட்டும் மெயிலும் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்பது போன்றவற்றைச் சொல்லும் டி.என்.எஸ். ரெக்கார்டுகள் தவறிப்போனால் மீட்க, அவற்றுக்கு ஒரு பேக்கப் வேண்டும். சில ஹோஸ்டிங்கரில் இருக்கின்றன, சில கிளவுட்ஃப்ளேரில். ஹோஸ்டிங்கரில் இருப்பவற்றுக்கு அவர்களுடைய எம்.சி.பி. சர்வரை (ஏ.ஐ. ஏஜென்ட் வெளிச் சேவைகளைப் பயன்படுத்த உதவும் இணைப்பு) ஏ.ஐ. ஏஜென்ட்டோடு இணைத்து, ஸ்னாப்ஷாட் பட்டியலை, அதாவது ரெக்கார்டுகளின் பழைய நகல்களின் பட்டியலை, அதனிடமே கேட்கிறேன். கிளவுட்ஃப்ளேரில் இருப்பவற்றின் ரெக்கார்டுகளை டி.என்.எஸ்.கன்ட்ரோல் (ஃபைலில் எழுதியதை டி.என்.எஸ்.ஸில் ஏற்றும் கருவி) ஃபைலாக எழுதி, மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட்டில் வைத்திருக்கிறேன். புதிதாக ஒரு சின்ன டொமைன் கைக்கு வந்தால் எந்த வழி என்று கேட்டால், தயங்காமல் முதல் வழி என்பேன்.

நிறுவுவதில் பெரிய வித்தியாசமில்லை. முதல் வழிக்கு நோட்.ஜே.எஸ். மென்பொருள் இருக்க வேண்டும், ஹோஸ்டிங்கரின் கன்ட்ரோல் பேனலான எச்பேனலில் எடுத்த ஏ.பி.ஐ. டோக்கன் (கடவுச்சொல் போன்ற சாவி) வேண்டும். மற்றதற்கும் ஒரு டோக்கனும் இரண்டு ஃபைல்களும். இரண்டும் இலவசம்தான்.

முடிவைத் தீர்மானிப்பது வேறொன்று: பேக்கப்பை யார் புதுப்பித்துக்கொண்டே இருப்பது? சின்ன நிறுவனத்தின் டி.என்.எஸ்.ஸில் நான் மட்டும் கை வைப்பதில்லை. சைட் டிசைன் செய்பவர் பேனலைத் திறந்து, சைட் எந்த சர்வரில் இருக்கிறது என்று சொல்லும் ஏ ரெக்கார்டை மாற்றுவார். மெயில் அனுப்பும் சேவை விற்றவர் மெயில் போலியல்ல என்று சரிபார்க்க உதவும் டி.கே.ஐ.எம். டெக்ஸ்ட் ரெக்கார்டைச் சேர்த்துவிட்டுப் போவார். எனக்குச் சொல்லமாட்டார்கள், சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவும் தோன்றாது. அந்த நிமிடமே கிட்டில் இருக்கும் ஃபைல் பழசாகிவிடுகிறது. அதோடு நின்றால் பரவாயில்லை. டி.என்.எஸ்.கன்ட்ரோல், தன் ஃபைலில் இல்லாத ரெக்கார்டை வேண்டாதது என்று எடுத்துக்கொண்டு, அடுத்த முறை ஃபைலை ஏற்றும்போது (புஷ்) நீக்கிவிடும். ஏற்றும் முன் பார்க்கும் ப்ரிவ்யூவில் அதைக் காட்டும், நோ_பர்ஜ் என்ற கட்டளையை ஃபைலில் போட்டுத் தடுக்கவும் முடியும். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒருவர் உட்கார்ந்து அதைப் படித்தாக வேண்டும். ஸ்னாப்ஷாட்டில் இந்தத் தொல்லையே இல்லை. மாற்றியது யாராக இருந்தாலும், முந்தைய நிலை ஹோஸ்டிங்கரின் பக்கத்திலேயே பதிவாகிவிடுகிறது.

சரி, பட்டியல் கேட்டால் என்ன வரும்? ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டுக்கும் ஓர் எண், காரணம், எடுத்த நேரம்; அவ்வளவுதான். காரணம் என்ற இடத்தில் 'ஜோன் ரெக்கார்டுகளை மாற்றக் கோரிக்கை' என்ற அளவில்தான் இருக்கும் (ஜோன் என்பது ஒரு டொமைனின் ரெக்கார்டுகள் மொத்தமும்). எந்த ரெக்கார்டு மாறியது என்று பட்டியலை வைத்துச் சொல்ல முடியாது. ஏஜென்ட் உதவுவது இங்கேதான். "கடைசி ஐந்து ஸ்னாப்ஷாட்டையும் திறந்து, இப்போதைய ஜோனோடு ஒப்பிட்டு, எம்.எக்ஸ்.ஸும் டெக்ஸ்ட்டும் எங்கெங்கே மாறியிருக்கின்றன என்று மட்டும் சொல்" என்றால் போதும் (எம்.எக்ஸ். என்பது மெயில் எந்த சர்வருக்கு வர வேண்டும் என்று சொல்லும் ரெக்கார்டு). நம் டொமைன் பெயரில் மெயில் அனுப்ப எந்த சர்வர்களுக்கு அனுமதி என்று சொல்லும் எஸ்.பி.எஃப். வரி எந்த மாற்றத்தில் காணாமல் போனது என்று தேட, பேனலில் ஒவ்வொன்றாகத் திறந்து மூடும் வேலை மிச்சம். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நேரம் யு.டி.சி.யில் (இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால்) இருக்கும். 18:40 என்று வந்தால் நமக்கு அது மறுநாள் நள்ளிரவு 12:10. "நேற்று மாற்றியதைக் காட்டு" என்று கேட்பவர்கள், இந்திய நேரம் என்று சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது.

அப்புறம், பட்டியல் கேட்கும் அதே டோக்கனுக்கு ரெக்கார்டை நீக்கவும், ஜோனை ரீசெட் செய்யவும், பழைய ஸ்னாப்ஷாட்டை மீட்கவும் அதிகாரம் உண்டு. அதனால் பட்டியலையும் படிப்பதையும் மட்டும் கேட்காமலே ஓட அனுமதித்திருக்கிறேன். மற்ற டூல்கள் ஒவ்வொரு முறையும் என்னிடம் கேட்டாக வேண்டும். முழு ஸ்னாப்ஷாட்டை மீட்கவும் சொல்வதில்லை. அதற்குப் பிறகு யாராவது சேர்த்த நல்ல ரெக்கார்டும் அதோடு சேர்ந்து போய்விடக்கூடும். தொலைந்த ஒரு வரியின் பழைய மதிப்பை ஸ்னாப்ஷாட்டிலிருந்து எடுத்து, அதை மட்டும் சேர்க்கச் சொல்கிறேன். மதிப்பு தவறாக மாறியிருந்த ரெக்கார்டின் டி.டி.எல். (பதிலை நினைவில் வைத்திருக்கும் நேரம்) 14400 விநாடி என்றால், சரிசெய்த பிறகும் சில ரிசால்வர்கள் (டி.என்.எஸ். பதிலைத் தேடித் தரும் சர்வர்கள்) நான்கு மணி நேரம் வரை பழைய பதிலையே சொல்லும். வாடிக்கையாளரிடம் அதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கிட் ஜெயிக்கும் இடங்களும் உண்டு. ஏன் மாற்றினோம் என்ற காரணம், கிட்டில் ஒவ்வொரு மாற்றத்தோடும் எழுதும் கமிட் குறிப்பில் நம் வார்த்தையிலேயே இருக்கும். ஹோஸ்டிங் கணக்கே கைவிட்டுப் போனால் ஸ்னாப்ஷாட்டும் சேர்ந்து போகும். கிட் நம்மிடம் இருக்கும். மூன்று நான்கு பேர் ஒழுங்காக ரிவ்யூ செய்து வேலை பார்க்கும் குழு என்றால் அதையே எடுக்கலாம். நூற்றுக்கணக்கில் ரெக்கார்டு உள்ள ஜோனில் நான் ஏஜென்ட்டை ஓட்டியதில்லை. அங்கே ஒப்பீட்டில் ஒரு வரியை விட்டுவிடாது என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

கணக்கு போய்விடும் என்ற பயத்துக்கு மட்டும் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறேன். மாதம் ஒருமுறை இப்போதைய ஜோனை முழுதாகப் படித்து ஒரு டெக்ஸ்ட் ஃபைலாக என் கணினியில் எழுதிவைக்க ஏஜென்ட்டிடம் சொல்லிவிடுகிறேன். டொமைனைப் பதிவு செய்த ரெஜிஸ்ட்ராரிடம் உள்ள நேம்சர்வர் பெயர்கள், டி.என்.எஸ்.செக் (டி.என்.எஸ். பதில்களைக் கையொப்பத்தால் சரிபார்க்கும் முறை) போட்டிருந்தால் அதற்கான டி.எஸ். ரெக்கார்டு, இரண்டையும் அதே ஃபைலில் நானே கையால் சேர்க்கிறேன். இவை பேரன்ட் ஜோன் (.com போன்ற மேல்நிலை) பக்கம் இருப்பவை. ஸ்னாப்ஷாட்டை நம்பி விட்டுவிட முடியாது.