மின் இணைப்பில்லாத ஐந்து இரவுகள்: ஒரு வாடகை மோட்டார்ஹோம் பற்றிய மதிப்புரை

கடந்த அக்டோபரில் நாங்கள் நால்வர் 25 அடி நீளமுள்ள ஒரு மோட்டார்ஹோமை (படுக்கையும் சமையலறையும் உள்ள நடமாடும் வீட்டை) ஆறு நாள்களுக்கு வாடகைக்கு எடுத்துக்கொண்டு, கலிஃபோர்னியாவின் 395ஆம் நெடுஞ்சாலை வழியாக வடக்கே சென்றோம். மின்சாரம், தண்ணீர்க் குழாய், சாக்கடை இணைப்பு ஆகியவை உள்ள கட்டண முகாம்களில் ஓர் இரவுகூடத் தங்குவதில்லை என்று புறப்படும் முன்பே முடிவு செய்திருந்தோம். முதல் மூன்று இரவுகள் லோன் பைன் ஊரை ஒட்டிய அலபாமா குன்றுகளிலும், அடுத்த இரண்டு இரவுகள் மோனோ ஏரிக்குத் தெற்கே இன்யோ தேசிய வனத்தின் ஜெஃப்ரி பைன் மரங்களுக்கு நடுவிலும் கழிந்தன. நிறுவனத்தின் பெயரை எழுதாததற்குக் காரணம் உண்டு. நான் சொல்லப்போகும் குறைகளில் பெரும்பாலானவை வாடகைக்குக் கிடைக்கும் இத்தகைய வண்டிகள் பலவற்றிலும் இருப்பவை.

வண்டி ஃபோர்டு இ-450 அடிச்சட்டத்தின் மீது கட்டப்பட்டது. ஓட்டுநர் இருக்கைக்கு மேலே ஒரு படுக்கையும் பின்பக்கம் ஒரு படுக்கையும் உண்டு. உள்ளே எல்லாம் துப்புரவாக இருந்தது. அடுப்பும் குளிர்பதனப் பெட்டியும் வெந்நீர்க் கொதிகலனும் புரொப்பேன் வாயுவில் இயங்கின. ஆறு நாளும் அவற்றால் ஒரு தொல்லையும் இல்லை. ஏற்றத்தில் வண்டி முனகினாலும் நின்றுவிடவில்லை. காலனுக்குச் சுமார் 9 மைல் கொடுத்தது. இந்த எடைக்கு அதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

அலபாமா குன்றுகள் அமெரிக்க அரசின் நில மேலாண்மைப் பணியகத்தின் பொறுப்பில் உள்ள பொதுநிலம். 2019இல் தேசிய எழில் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அங்கே இரவு தங்க இலவச அனுமதிச் சீட்டை இணையத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். அதிகபட்சம் 14 நாள். விரும்பிய இடத்தில் வண்டியை நிறுத்த இயலாது, ஏற்கெனவே குறித்துவைத்த இடங்களில் மட்டுமே நிறுத்தலாம். பல இடங்களுக்குப் போகும் தடம் குறுகலானது. 25 அடியைத் தாண்டிய வண்டி வைத்திருப்பவர்கள் முதலில் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வருவது நல்லது. வாடகை ஒப்பந்தமோ தார் போடாத சாலையில் ஓட்டக் கூடாது என்று ஒரு வரியிலும், முகாமுக்குச் செல்லும் பராமரிக்கப்பட்ட மண்சாலை மட்டும் விதிவிலக்கு என்று அடுத்த வரியிலும் சொல்கிறது. நாங்கள் சென்ற மண்சாலை அகலமாகவும் சமமாகவும்தான் இருந்தது. ஆனால் துணி துவைக்கும் பலகை போன்ற அதன் வரிகளில் ஊர்ந்தபோது, அலமாரிகளுக்குள் இருந்த தட்டுகள் ஒவ்வொன்றும் தனித்தனியே பேசின. சட்டப்படி நாங்கள் எந்த வரியின் கீழ் வருகிறோம் என்பது எனக்கு இன்றுவரை தெளிவாகவில்லை.

முதல் விடியல் அந்தக் கவலையை மறக்கடித்தது. சமையல் மேடைக்கு மேலிருந்த சன்னல் சரியாக மேற்கைப் பார்த்திருந்தது. 14,505 அடி உயரமுள்ள விட்னி சிகரத்தின் நுனியில் முதலில் ஒரு செம்பொட்டு விழுந்து, பிறகு அந்த நிறம் பாறைமுகத்தில் விரல் விரலாகக் கீழே இறங்கியது. எதிரே உருண்டு திரண்ட குன்றுப் பாறைகள் அதுவரை சாம்பல் நிறத்திலேயே கிடந்தன. கொதிக்க வைத்த பால் பொங்கி அடுப்பில் வழிந்ததை நால்வரில் ஒருவரும் கவனிக்கவில்லை.

இனி குறைகளுக்கு வருகிறேன். விளம்பரத்தில் இந்த வண்டி பாறைகளுக்கு நடுவே தன்னந்தனியாக நிற்கிறது. வண்டியைக் கட்டியவர்களோ அது இரவுதோறும் ஒரு மின்கம்பத்தில் செருகப்படும் என்று நினைத்தே கட்டியிருக்கிறார்கள். சுவரில் ஏழு மின்செருகிகள் உள்ளன. ஜெனரேட்டர் ஓடாதபோது அவற்றில் ஒன்றுகூட உயிரோடு இருப்பதில்லை, ஏனெனில் இன்வெர்ட்டர் பொருத்தப்படவில்லை. மைக்ரோவேவுக்கும் அதே கதி. வீட்டுப் பகுதிக்கென்று இருப்பவை 100 ஆம்பியர்-மணி (அதாவது ஓர் ஆம்பியர் வீதம் 100 மணி நேரம் தரும் அளவு) கொண்ட இரண்டு ஈய-அமிலப் பாட்டரிகள். அவற்றைப் பாதிக்கு மேல் வடித்தால் விரைவில் கெட்டுவிடும் என்பதால், கையில் உண்மையாக இருப்பது 100 ஆம்பியர்-மணி. ஹீட்டரின் ஊதுவிசிறி ஓடும்போது 8 ஆம்பியர் இழுக்கிறது. குளிர்ந்த இரவில் பத்து மணி நேரத்தில் பாதி நேரம் ஓடினாலே 40 போய்விடும். வாயுவில் இயங்கும் குளிர்பதனப் பெட்டியின் கட்டுப்பாட்டுப் பலகை, விளக்குகள், தண்ணீர்ப் பம்பு, எந்நேரமும் விழித்திருக்கும் வாயுக்கசிவு உணரி ஆகியவற்றைச் சேர்த்தால் நாளொன்றுக்குச் சுமார் 60 ஆகிறது. கூரையில் இருந்த 100 வாட் சோலார் பேனல் அக்டோபர் வெயிலில் திரும்பத் தருவது 25 முதல் 30 வரைதான். கணக்கு எந்த இரவில் தீரும் என்பதை நான் வீட்டிலேயே உட்கார்ந்து போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

மூன்றாம் இரவு மூன்று மணிக்கு அது தீர்ந்தது. விழித்தபோது ஹீட்டரிலிருந்து குளிர்காற்று வந்துகொண்டிருந்தது. அந்த ஹீட்டரில் காற்றின் வேகத்தை உணரும் ஒரு சிறு தகடு உண்டு; மின்னழுத்தம் குறைந்து விசிறி தளர்ந்தால் தகடு மின்சுற்றை மூடாது, சுற்று மூடாவிட்டால் வாயு பற்றிக்கொள்ளாது. ஆகவே எஞ்சியிருந்த மின்சாரத்தையும் செலவழித்து எங்கள் மீது குளிரை ஊதிக்கொண்டிருந்தது அந்த எந்திரம். ஜெனரேட்டரைத் தட்டினால் அது ஒருமுறை இருமிவிட்டு அடங்கியது. அதைத் தொடக்கிவிடுவதும் அதே பாட்டரிதான். ஓட்டுநர் பக்கத்தில், எஞ்சின் பாட்டரியைத் தற்காலிகமாக இதனுடன் இணைக்கும் ஒரு பொத்தான் இருக்கிறது என்பதைக் கையேட்டின் நடுப்பக்கத்தில் டார்ச் வெளிச்சத்தில் படித்துத் தெரிந்துகொண்டோம். வண்டியை ஒப்படைத்தவர் நாற்பது நிமிடம் பேசினார். தொலைக்காட்சியின் கம்பியை உயர்த்துவது எப்படி என்றுகூடச் செய்து காட்டினார், ஆனால் இந்தப் பொத்தானைப் பற்றி வாய் திறக்கவில்லை. அமைதி காக்க வேண்டிய அந்நேரத்தில் பக்கத்துப் பாறைக்குப் பின்னால் கூடாரம் போட்டிருந்தவர்களை நினைத்து ஜெனரேட்டரைக் கால் மணி நேரத்தில் நிறுத்திவிட்டுக் கம்பளிகளை எடுத்துக்கொண்டோம்.

மறுநாள் முதல் காலையில் ஒரு மணி நேரமும் மாலையில் ஒரு மணி நேரமும் ஜெனரேட்டரை ஓட்டுவது வழக்கமாயிற்று. அதற்கு மணிக்கு 4 டாலர் தனிக் கட்டணம். தொகை பெரிதல்ல, ஆனால் அந்த மௌனத்தைத் தேடித்தான் அவ்வளவு தொலைவு போனோம் என்பதால், அந்த இரண்டு மணி நேரமும் காசு கொடுத்து இரைச்சலை வாங்குவதாகவே தோன்றியது.

தண்ணீர் விஷயத்தில் வண்டியைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல நீர்த் தொட்டி 40 காலன், அதாவது ஏறத்தாழ 150 லிட்டர் கொள்ளும். உடம்பை நனைத்துக் குழாயை மூடி, சோப்பு போட்டு, மறுபடி திறந்து அலசிக்கொள்ளும் முறையில் நால்வரும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளித்தோம். தட்டுகளை முதலில் காகிதத்தால் துடைத்துவிட்டே கழுவினோம். மூன்று நாளைக்குத் தொட்டி போதுமானதாக இருந்தது. முந்திக்கொண்டு நிரம்பியது குளியல், சமையல் கழிவுநீர்த் தொட்டிதான். அதை மண்ணில் திறந்துவிடும் எண்ணமே கூடாது. மலத்தொட்டியின் அளவுகாட்டி முதல் நாளிலேயே மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியதாகச் சொன்னது. உணரிகளில் காகிதம் ஒட்டிக்கொண்டால் அப்படித்தான் காட்டும் என்பதால் அதை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. நான்காம் நாள் வழியிலிருந்த ஒரு தனியார் முகாமில் பணம் கட்டி இரண்டையும் காலி செய்தோம். முதலில் மலத்தொட்டியையும் பிறகு சோப்புநீரையும் திறந்தால் குழாய் தானாகவே அலசப்பட்டுவிடும். நிறுவனம் கொடுத்த குழாயின் இணைப்பருகே ஊசிமுனை அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தது. எங்களில் யார் அதைக் கண்டுபிடித்தார், எப்படிக் கண்டுபிடித்தார் என்பதை இங்கே விவரிக்க வேண்டாம்.

மோனோ ஏரிப் பக்கம் உயரம் கூடுதல், இரவில் நீர் உறையும் குளிர். தரை முழுக்க எரிமலை நுரைக்கல் தூள் பரவி மெத்தென்று இருந்ததால், தடத்தை விட்டு ஓரடிகூட விலகாமல் நிறுத்தினோம். பைன் மரங்களின் பட்டையை முகர்ந்தால் வெனிலா போன்ற ஒரு மணம் வருகிறது. அந்த நிழலில் நிறுத்தியதற்குத் தண்டனையாகச் சோலார் பேனல் அன்று ஒன்றுமே தரவில்லை. கடைசி இரவில் ஜெனரேட்டர் மீண்டும் கைவிட்டது, இம்முறை வேறு காரணத்தால். அது வண்டியின் பெட்ரோல் தொட்டியிலிருந்தே குடிக்கிறது. ஆனால் அதன் உறிஞ்சுகுழல் தொட்டியின் கால்பங்கு மட்டத்தில் நின்றுவிடும், காட்டில் பெட்ரோல் முழுவதும் தீர்ந்து வண்டி சிக்கிக்கொள்ளாமல் இருப்பதற்காக. மிக நல்ல ஏற்பாடு. காலையில் நிரப்பிக்கொள்ளலாம் என்று முள்ளைக் கால்பங்குக்குக் கீழே இறங்க விட்டிருந்த எங்களுக்குத்தான் அது உதவவில்லை. எஞ்சினை அரை மணி நேரம் ஓடவிட்டுப் பாட்டரிக்குக் கொஞ்சம் உயிர் கொடுத்து, ஹீட்டரைப் பதினைந்து டிகிரிக்கு இறக்கிவைத்துத் தூங்கினோம். இந்தப் பிழை எங்களுடையது என்பதால் இதற்காக நான் புள்ளியைக் குறைக்கவில்லை.

முழு இணைப்புள்ள முகாம்களில் தங்கப்போகிறவர்களுக்கு இந்த வண்டியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அவர்களிடம் கேட்டால் ஐந்துக்கு நான்கரை கொடுப்பார்கள். எங்களைப் போலப் பொதுநிலத்தில் நிறுத்த நினைப்பவர்கள், பாட்டரி லித்தியமா ஈயமா, எத்தனை ஆம்பியர்-மணி, கூரையில் எத்தனை வாட், இன்வெர்ட்டர் உண்டா, மண்சாலையில் காப்பீடு செல்லுமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே முன்பணம் கட்ட வேண்டும். 200 ஆம்பியர்-மணி லித்தியமும் 300 அல்லது 400 வாட் பேனலும் இருந்திருந்தால் எங்கள் இரவுகளில் ஒன்றுகூட இப்படி ஆகியிருக்காது. நான் கொடுப்பது மூன்று. வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது, அந்தப் பொத்தானுக்குப் பக்கத்தில் அது எதற்கு என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டும்படி கேட்டுக்கொண்டேன். மேசையிலிருந்தவர் குறித்துக்கொண்டார், எந்தப் பொத்தான் என்று கேட்கவில்லை.