கல்லாவா, இசகாயாவா, இரவு ஆலையா? டோக்கியோவில் மொழி படிக்கும் மாணவரின் பகுதிநேர வேலை

டோக்கியோவின் தகதனோபாபா ரயில் நிலையத்தைச் சுற்றி ஜப்பானிய மொழிப் பள்ளிகள் நிறைய உண்டு. காலை ஒன்பது மணிக்குக் கொஞ்சம் முன்னால் அங்கே இறங்கினால் நேபாளம், வியட்நாம், சீனா, மியான்மர், இலங்கை என்று பல நாட்டுப் பிள்ளைகள் வகுப்புக்கு ஓடுவதைப் பார்க்கலாம். சிலர் படுக்கையிலிருந்து எழுந்து வருகிறார்கள். சிலர் இன்னும் படுக்கைக்கே போகவில்லை.

எந்தப் பள்ளியில் சேரலாம் என்று கேட்பவர்களிடம், அங்கே போய் என்ன வேலை செய்யப் போகிறீர்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன். மொழிப் பள்ளியில் வாரத்துக்குப் பெரும்பாலும் 20 பாடவேளை. வேலையோ 28 மணி நேரம் வரை. அதிக நேரம் எங்கே நிற்கிறோமோ அங்கே பேசப்படும் ஜப்பானிய மொழிதான் நாக்கில் ஒட்டும். எதுவும் பேசப்படாத இடமென்றால் எதுவும் ஒட்டாது.

முதலில் விதிகள். மாணவர் விசாவை வைத்துக்கொண்டு மட்டும் வேலை செய்ய முடியாது. தனி அனுமதி வேண்டும். புதிதாக வருபவர்கள் விமான நிலையத்திலேயே படிவம் கொடுத்து வாங்கிவிடலாம். குடியிருப்பு அட்டையின் பின்பக்கத்தில் அதைக் குறித்துத் தருவார்கள். இரண்டு இடத்தில் வேலை பார்த்தாலும் மொத்தம் சேர்த்துத்தான் 28 மணி. எந்தக் கிழமையிலிருந்து ஏழு நாளை எண்ணினாலும் அதற்குள் இருக்க வேண்டும். பள்ளியின் நீண்ட விடுமுறையில் மட்டும் நாளுக்கு 8 மணி நேரம். பச்சிங்கோ சூதாட்டக் கூடத்தில் தரை துடைக்கக்கூட அனுமதி கிடையாது. இதில் தவறினால் விசா நீட்டிப்பில் கை வைப்பார்கள்.

கடைக் கல்லா, இசகாயா எனும் குடி உணவகம், இரவு ஆலை என்ற மூன்று இடத்திலும் நான் நின்றிருக்கிறேன். முதலில் கிடைத்தது பென்தோ எனும் பொட்டல உணவு தயாரிக்கும் ஆலை. மொழி தெரியாதவருக்கும் உடனே வேலை தருவது இதுவும் பார்சல் பிரிக்கும் கிடங்கும்தான். வெள்ளை உடுப்பு, தலை உறை, முகக்கவசம். கண் மட்டும்தான் வெளியே தெரியும். உள்ளே போகுமுன் பசை உருளையால் உடம்பு முழுக்க உருட்டி, ஒட்டியிருக்கும் முடியை எடுக்க வேண்டும். அப்புறம் குளிரூட்டிய கூடத்தில் பட்டையில் நகர்ந்து வரும் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரே ஒரு பொருளை வைத்துக்கொண்டே இருப்போம். எனக்கு வாய்த்தது மஞ்சள் முள்ளங்கி ஊறுகாய், பெட்டிக்கு இரண்டு துண்டு.

பணக் கணக்கைப் பார்த்தால் ஆலைதான் முன்னால் நிற்கும். 2025 அக்டோபரில் டோக்கியோவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1,226 யென் ஆனது. இரவு 10 மணியிலிருந்து காலை 5 மணி வரை சட்டப்படி 25 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும். அப்படியானால் மணிக்கு ஏறக்குறைய 1,532. வாரம் 28 மணி, நான்கு வாரம் என்று வைத்தால் பகல் வேலைக்கு 1,37,312 யென். முழுக்க இரவு நேரமாகவே செய்தால் 1,71,640. முப்பத்து நாலாயிரம் யென் வித்தியாசம் ஒரு மாணவருக்குச் சின்னத் தொகை இல்லை. கடன் வாங்கி வந்த பிள்ளையிடம் அதை விட்டுவிடு என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: இந்தக் கூடுதல் இரவு நேரத்துக்கு உரியது, ஆலைக்கு மட்டும் உரியதில்லை. எந்தக் கடையில் அந்த நேரத்தில் நின்றாலும் இதே விகிதம்தான்.

ஆலையில் நான்கு மாதம் இருந்தேன். கற்ற புதுச் சொற்களை ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம். பட்டையின் இரு பக்கமும் நேபாளிகளும் வியட்நாமியரும் நின்றோம். ஒருவரோடு ஒருவர் பேச நேரமும் இல்லை, பொது மொழியும் இல்லை. காலையில் வகுப்பில் கண் சொருகும். வருகைப் பதிவு 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் விசா நீட்டிப்பில் கேள்வி வரும் என்று ஆசிரியர் தனியாக அழைத்துச் சொன்னபோது நான் 83-இல் இருந்தேன். அந்த வாரமே வேறு வேலை தேட ஆரம்பித்தேன்.

கொன்பினி என்று சுருக்கமாகச் சொல்லும் 24 மணி நேரக் கடைகள், செவன்-இலெவன், ஃபேமிலிமார்ட், லாசன் போன்றவை, தெருவுக்குத் தெரு இருக்கின்றன. ஜப்பானிய மொழித் தேர்வின் அடிப்படை நிலைகளில் ஒன்றான N4 அளவு மொழி இருந்தால் கல்லாவில் நிற்கலாம். பயிற்சியில் இருப்பவர் என்று சட்டையில் ஓர் அட்டை குத்திவிடுவார்கள். அது பெரிய ஆறுதல். வாடிக்கையாளர்கள் அந்த அட்டையைப் பார்த்துக் காத்திருப்பார்கள்.

இங்கே முதலில் வாய்க்கு வருவது கெய்கோ, அதாவது மரியாதை மொழி. நாம் ‘வா’ என்பதை ‘வாங்க’ என்று விகுதியில் மரியாதை சேர்த்துப் பழகியவர்கள். ஜப்பானிய மொழியில் பல இடங்களில் வினைச்சொல்லே மாறிவிடும். சாப்பிடுவதற்குப் பொதுச் சொல் தபேரு. வாடிக்கையாளர் சாப்பிட்டால் மெஷியகாரு, நான் சாப்பிட்டால் இததாகு. பாடப்புத்தகத்தில் இது பல மாதம் தள்ளி வரும் பாடம். கல்லாவிலோ முதல் வாரமே அதற்குள் இறங்கிவிடுகிறோம். பை வேண்டுமா, சூடாக்கித் தரட்டுமா, புள்ளி அட்டை இருக்கிறதா என்று நாளுக்கு இருநூறு தடவை கேட்டால் தூக்கத்திலும் வரும்.

ஆனால் அந்த ஓட்டம் மூன்று மாதத்தில் நின்றுவிடுகிறது. பத்துப் பதினைந்து வாக்கியங்கள்தான், அவை மாறுவதே இல்லை. வாடிக்கையாளர் திருப்பிச் சொல்வதும் ‘தைஜோபு தெசு’ என்ற ஒரே பதில். பை வேண்டுமா என்றதற்கு அப்படிச் சொன்னால் வேண்டாம் என்று பொருள் என்பதைப் புரிந்துகொண்டதோடு சரி. அதன் பிறகு கல்லாவில் எனக்குக் கிடைத்த நல்ல லாபம் கான்ஜி எனும் சீன வழி எழுத்துகள்தான். பார்சல் அனுப்பும் சீட்டில் ஊர்ப்பெயரும் ஆட்பெயரும், மின்கட்டண ரசீது, சரக்கு வண்டியோடு வரும் பட்டியல் என்று வாசிக்க நிறைய இருக்கும்.

கடையைவிட நேரத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள் என்பேன். ஷின்ஜுகு மாதிரி நெரிசலான இடத்தில் இரவு நேரத்தில் கூட வேலை செய்பவரும் வெளிநாட்டு மாணவராக இருக்க வாய்ப்பு அதிகம். குடியிருப்புப் பகுதியில் காலை 6 முதல் 9 வரை நின்றால் கதையே வேறு. நாளிதழ் வாங்க வரும் முதியவர்கள் மழையைப் பற்றி, முழங்கால் வலியைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் போவார்கள். பிற்பகல் வகுப்பில் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல நேரம் எனக்குத் தெரிந்து இல்லை.

இசகாயா என்பது குடித்துக்கொண்டே சின்னச் சின்னத் தட்டுகளில் சாப்பிடும் உணவகம். மாலை 5 மணிக்குப் போனாலும் உள்ளே நுழையும்போது ‘ஒஹாயோ கோசாய்மாசு’, காலை வணக்கம். முதலில் குழம்பினேன். வேலை தொடங்கும் நேரத்தின் வணக்கம் அது. அங்கே இரண்டு ஜப்பானிய மொழி ஒரே நேரத்தில் ஓடுகிறது. மேசைப் பக்கம் கெய்கோ. திரைச்சீலைக்கு அந்தப் பக்கம், அடுப்படியில், ‘அதை எடு’, ‘சீக்கிரம்’, ‘எங்கே வைத்தாய்’ என்ற வெறும் பேச்சு. வகுப்பில் ‘மாசு’, ‘தெசு’ என்ற மரியாதை விகுதிகள் போட்டே பேசிப் பழகிய காதுக்கு முதல் மாதம் ஒன்றும் பிடிபடாது. சொல் வரிசை தமிழ் மாதிரியே வினையில் போய் முடிவதால் நமக்கு வேகம் மட்டும்தான் தடை. அந்த வேகத்துக்குக் காதைப் பழக்கும் இடம் அடுப்படிதான்.

எண்ணும் விதமும் அங்கேதான் எனக்குப் படிந்தது. நாம் பொருளுக்கு இரண்டு, ஆளுக்கு இருவர் என்று பிரிப்பதை அவர்கள் இன்னும் நீட்டிக்கொண்டே போகிறார்கள். குவளையில் பீர் இரண்டு என்றால் ஃபுதாத்சு, பாட்டில் இரண்டு என்றால் நிஹோன், தட்டு இரண்டு என்றால் நிமாய், வந்த விருந்தினர் இருவர் என்றால் நிமெய்-சாமா. தேர்வுக்கு மனப்பாடம் செய்தபோது நிற்காதது, தப்பாகக் கூவி இரண்டு தட்டுக்குப் பதில் இரண்டு பாட்டில் வந்த பிறகு மறக்கவே இல்லை.

இசகாயாவில் குறைகளும் உண்டு. வெள்ளி, சனி இரவுகளில் கால் வீங்கும். குடித்தவர்கள் குழறும் மொழி யாருக்கும் புரியாது. கடை மூடும் நேரம் கடைசி ரயிலோடு மோதும். ஆனால் மகனாய் என்று வேலையாட்களுக்குத் தரும் சாப்பாடு உண்டு. அதை எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் அந்த இருபது நிமிடத்தில்தான் முதல்முறையாக ஜப்பானியர் ஒருவர் என் ஊரைப் பற்றி, அம்மாவைப் பற்றிக் கேட்டார். நானும் முழு வாக்கியங்களில் பதில் சொன்னேன்.

நம் ஊர் உணவகத்தில் வேலை கிடைத்தால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். டோக்கியோவில் தோசை போடும் கடைகள் இருக்கின்றன. வயிறும் மனமும் நிறையும். வேலை நேரமெல்லாம் தமிழிலோ இந்தியிலோ போய்விடும். வாரத்தில் ஒரு நாள் என்றால் சரி.

என் தேர்வு இதுதான்: வந்து இறங்கியதும் குடியிருப்புப் பகுதியில் ஒரு கொன்பினி, ஆறு மாதம். அப்புறம் இசகாயா, முதலில் அடுப்படி, பிறகு மேசைப் பக்கம். ஆலை வேண்டுமென்றால் கோடை விடுமுறையில். அப்போது விடியற்காலையில் வீடு திரும்பினாலும் தூங்கலாம். ஜூலையிலும் டிசம்பரிலும் வரும் மொழித் தேர்வுக்கு முந்திய ஒரு மாதம் மணிநேரத்தைக் குறைத்துக்கொள்ள முடியுமா என்பதை நேர்காணலிலேயே கேட்டுவிடுங்கள். வேலை நேரப் பட்டியலை எத்தனை நாள் முன்னால் தருவார்கள், கடைசி ரயிலுக்கு முன்னால் விடுவார்களா என்பதையும் கேளுங்கள். நேர்காணலுக்குப் புகைப்படம் ஒட்டிய சுயவிவரப் படிவம் வேண்டும். நூறு யென் கடையில் வாங்கி, தப்பு விழும் என்பதால் நான்கைந்து பிரதி கையில் வைத்துக்கொண்டு, கையாலேயே எழுதுங்கள்.