கம்பத்தைச் சுற்றி ஏழு நோம்பி: ஒரு 35 மி.மீ. லென்ஸுடன் என் அனுபவம்

2017 பங்குனி தொடங்கும் முன், ஈரோட்டில் பழைய கேமராக்கள் விற்கும் ஒரு கடையில், ஜூம் வசதி இல்லாத, ஒளி நுழையும் துளை எஃப்/2 வரை அகலத் திறக்கும் 35 மி.மீ. லென்ஸ் ஒன்றை 14,000 ரூபாய்க்கு வாங்கினேன். கோபி, அந்தியூர், பெருந்துறைப் பக்கத்துக் கிராமங்களில் நடக்கும் மாரியம்மன் நோம்பிகளை, அதாவது திருவிழாக்களைப் படம் எடுப்பதற்காகவே அதை வாங்கினேன்; பெரும்பாலும் அதற்கே பயன்படுத்தியும் வருகிறேன். 2020-இல் ஊரடங்கால் நோம்பிகள் நின்றுபோயின, 2021-இல் நான் போகவில்லை. அந்த இரண்டு ஆண்டுகளைக் கழித்தால் 2025 வரை ஏழு நோம்பிக் காலங்களை இந்த லென்ஸ் பார்த்திருக்கிறது. எந்த நிறுவனத்துத் தயாரிப்பு என்பதைவிட எவ்வளவு அகலம் படத்தில் அடங்கும் என்பதைத் தீர்மானிக்கும் அந்த 35 மி.மீ. குவியத் தூரம் கம்பத்தடியில் எப்படி வேலை செய்கிறது என்பதே முக்கியம் என்பதால், அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கம்பம் என்றால் என்ன என்று அறிந்தவர்களுக்கே இந்த லென்ஸின் தேவை புரியும். நோம்பி சாட்டியதும், அதாவது ஊருக்கு அறிவித்ததும், முக்கவராகக் கிளைத்த மரக்கொம்பு ஒன்றை வெட்டி வந்து, மஞ்சள் பூசி, வேப்பிலை சாத்திக் கோயிலுக்கு முன்னே நடுவார்கள். காலையில் பெண்கள் குடத்தில் நீர் கொண்டுவந்து அதற்கு ஊற்றுவார்கள். இரவில் அந்த முக்கவரின் மேல் பூவோடு வைக்கப்படும். தீ எரியும் மண்சட்டிக்கு எங்கள் பக்கத்தில் பூவோடு என்றுதான் பெயர். தப்பட்டையைத் தீயில் காய்ச்சிக்கொண்டு வந்து அடி தொடங்கியதும், ஊர் ஆண்கள் காலில் சலங்கை கட்டிக் கம்பத்தைச் சுற்றி ஆடுவார்கள். பொங்கலும் மாவிளக்கும் முடிந்து, கம்பம் பிடுங்கி, மஞ்சள் நீராடும் வரை இது இரவுதோறும் நடக்கும். கடைசி இரண்டு நாள் மட்டும் வந்து போகிறவருக்குக் கூட்டம் கிடைக்கும், ஆட்டம் கிடைக்காது. முதல் வாரத்தில் பத்துப் பேர் மட்டும் ஆடும் இரவுகளில்தான் அடவு தெளிவாகத் தெரியும், நிற்பதற்கும் இடம் இருக்கும்.

இந்த லென்ஸ் கைக்கு வருவதற்கு முந்தைய ஆண்டில் நான் 85 மி.மீ. லென்ஸை வைத்துத் தொலைவில் நின்று எடுத்தேன். வியர்வை வழியும் முகங்கள், தீயின் ஒளி, பின்னால் மங்கிய சீரியல் விளக்குகள் என்று படங்கள் எனக்கு நிறைவாகவே இருந்தன. மறு ஆண்டு அவற்றை அச்சிட்டுக் கொண்டுபோய், ஆட்டத்துக்கு முன்னடி எடுத்துக் கொடுக்கும் பெரியவரின் வீட்டுத் திண்ணையில் அவரிடம் காட்டினேன். அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, ஒண்ணுலயுங் காலைக் காணமே? காலில்லாம இது என்னாட்டம்னு எப்படிங் தெரியும்?" என்று கேட்டார். ஆடுகிறவர்கள் அந்தப் படங்களில் தங்கள் முகத்தைத் தேடவில்லை. எந்தக் கால் முன்னே போயிருக்கிறது, தன் கால் பக்கத்து ஆளின் காலோடு சேர்ந்திருக்கிறதா என்றுதான் பார்த்தார்கள். கம்பத்தாட்டப் படத்தில் மேலே பூவோடும் கீழே சலங்கைக் காலும் ஒரே படச்சட்டத்துக்குள் இருக்க வேண்டும் என்ற அளவுகோலை நான் கற்றது அந்தத் திண்ணையில்தான்.

ஃபுல் ஃபிரேம் (36 x 24 மி.மீ. உணரி கொண்ட) கேமராவில் 35 மி.மீ. லென்ஸை நிமிர்த்திப் பிடித்து மூன்று மீட்டர் தள்ளி நின்றால், ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரம் சட்டத்தில் அடங்குகிறது. ஆள் உயரக் கம்பமும், அதன் மேல் பூவோடும், அது விடும் தீநாக்கும், முன்னே ஆடுகிறவரின் பாதமும் அதில் வந்துவிடுகின்றன. வட்டத்துக்கு வெளியே மூன்று மீட்டர் என்பது தப்பட்டைக்காரர்கள் நிற்கும் தூரம். ஆகவே நான் அவர்களுக்குப் பக்கத்தில் நிற்கப் பழகினேன். அங்கே நிற்பதால் அடி மாறுவது காதுக்கு முன்பே நெஞ்சில் அதிரும். அடுத்த அடவு எப்போது வரும் என்பது அதிலிருந்தே தெரிந்துவிடும்.

இருட்டில் இந்த லென்ஸின் ஆட்டோஃபோகஸ் திணறுகிறது என்பது உண்மையான குறை. புகை நடுவே வரும்போது அது முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். இரண்டாம் ஆண்டிலிருந்து அதை நிறுத்திவிட்டு, ஃபோகஸை மூன்று மீட்டரில் நிலையாக வைத்து, துளையை எஃப்/2.8-க்குக் குறைத்துக்கொள்கிறேன். அப்போது சுமார் 2.5 மீட்டரிலிருந்து 3.75 மீட்டர் வரை தெளிவாக விழுகிறது, ஆட்டக்காரர் அந்த எல்லைக்குள் வரும்போது அழுத்தினால் போதும். ஷட்டர் வேகத்தை ஒரு நொடியின் நூறில் ஒரு பங்கில் வைப்பதற்கும் காரணம் உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான எல்இடி விளக்குகள் நொடிக்கு நூறு முறை மினுங்குகின்றன. அதைவிட வேகமாக எடுத்தால் படத்தின் குறுக்கே இருண்ட பட்டைகள் விழும். அந்த வேகத்தில் ஆடுகிறவரின் கை கலங்கித்தான் பதியும், ஆனால் தூக்கிய கால் இறங்கும் முன் ஒரு கணம் நிற்கும். தப்பட்டையின் அடியோடு சேர்ந்து அழுத்தினால் அந்தக் கணம் தெளிவாகவே கிடைக்கிறது. நிறங்களைச் சமன்செய்யும் ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விட்டால் கேமரா தீயின் செம்மையைக் கழுவிவிடும். நிறத்தைப் பிறகு மாற்ற இடம் தரும் ரா கோப்பாக எடுத்து, பூவோட்டின் நிறம் சிவப்பாகவே இருக்கும்படி பிறகு திருத்துகிறேன்.

குண்டத்துக்கு, அதாவது பக்தர்கள் தீ மிதிக்கும் குழிக்கு, இந்த லென்ஸ் உதவவில்லை. பண்ணாரியில் எரிகரும்பு என்று அழைக்கப்படும் விறகை அடுக்கி எரித்து, பூசாரி முதலில் இறங்க, பிறகு பக்தர்கள் வரிசையாக இறங்கும்போது, தடுப்புக்கு வெளியே நிற்கும் நமக்கு 35 மி.மீ. லென்ஸில் தலைகள் மட்டுமே கிடைக்கும். பாரியூரிலும் இதே நிலைதான். குண்டத்தின் அனலுக்குப் பக்கத்தில் லென்ஸைக் கழற்றி மாட்டுவது கூடவே கூடாது. 2018-இல் அப்படிச் செய்து கேமராவுக்குள் ஒளியைப் பதிவுசெய்யும் உணரியில் சாம்பல் படிந்தது. அதைச் சுத்தம் செய்யக் கொடுத்த இடத்தில் ஒரு கீறலோடு திரும்பி வந்தது. ஒவ்வொரு படத்திலும் அந்தக் கீறலின் தடத்தைத் துடைத்தெடுக்க வேண்டியிருப்பது இன்றும் எனக்கு வலிதான்.

மஞ்சள் நீராட்டு நாள் வேறு வகையான சோதனை. ஈரோட்டில் கம்பங்களை ஊர்வலமாகக் காவிரிக்குக் கொண்டுபோகும்போதும், வைகாசியில் கரூரில் அமராவதிக்குக் கம்பம் போகும்போதும், சிறு கிராமத் தெருக்களிலும் எந்தப் பக்கத்திலிருந்து நீர் வரும் என்று சொல்ல முடியாது. இந்த லென்ஸுக்கு நீர்த்தடுப்பு இல்லை. கெட்டியான பிளாஸ்டிக் பையில் ஓட்டை போட்டு லென்ஸின் வாயில் ரப்பர் வளையத்தால் இறுக்குகிறேன். ஏழு காலங்களில் ஒரு சொட்டுக்கூட உள்ளே போகவில்லை. கேமராவின் தோள்பட்டை வாரில் விழுந்த மஞ்சள் கறையை முதல் முறை துணி சோப்புப் போட்டுத் தேய்த்தபோது, சுண்ணாம்பு கலந்த ஆரத்தி போல அது சிவந்துபோனது. சோப்பின் காரம் மஞ்சளைச் சிவப்பாக்கிவிடுகிறது என்பது பிறகுதான் புரிந்தது. அதை அலசிவிட்டு நான்கைந்து நாள் நல்ல வெயிலில் தொங்கவிட்டேன். வெயில் மஞ்சளை வெளுக்கும் என்பதால் இப்போது தேடினாலும் கறை தெரியவில்லை.

பக்கத்தில் நின்று எடுக்கும் லென்ஸ் என்பதால் யாரை எடுக்கிறோம் என்பதை மறைக்க வழியில்லை, அது நல்லது என்றே நான் நினைக்கிறேன். காலையில் நனைந்த உடையோடு கம்பத்துக்கு நீர் ஊற்றும் பெண்களை நான் எடுப்பதில்லை. அருள் வந்து ஆடுகிறவர்களை, அவர்கள் வீட்டார் சம்மதித்தால் மட்டுமே எடுக்கிறேன். கம்பத்தடிக்குச் செருப்போடு போவதில்லை, கம்பத்துக்கு முதுகு காட்டி நிற்பதுமில்லை. முதல் ஆண்டு ஒரு பாட்டி என் தோளைத் தொட்டு, "சாமி, அம்மனுக்கு முதுகக் காட்டாதீங்க கண்ணு" என்று திருப்பி நிறுத்தியதிலிருந்து வந்த பழக்கம் அது.

ஃபோகஸ் வளையத்தின் ரப்பர் 2023-இல் தளர்ந்து புதிதாக மாற்றப்பட்டது. முன்கண்ணாடியில் இன்னும் ஒரு கீறல்கூட இல்லை. ஒவ்வொரு ஆண்டும் நோம்பி சாட்டும் செவ்வாய்க்கிழமைக்கு முன்பே சென்ற ஆண்டின் படங்களை அச்சிட்டு, ஆடியவர்களுக்கும் தப்பட்டை அடித்தவர்களுக்கும் ஆளுக்கொன்று கொடுத்துவிடுகிறேன். லென்ஸுக்கு ஆனதைவிட அச்சுக்கு அதிகம் செலவாகியிருக்கிறது. 2025-இல் கொடுத்த ஒரு படத்தைப் பார்த்து அதே பெரியவர், கால் சரியாக இருக்கிறது, ஆனால் மூன்றாவதாக நிற்கும் பையன் அடவைத் தவறவிட்டிருக்கிறான் என்று சொல்லி, அந்தப் பையனைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்.