நோட்டா, எக்செலா, டாலியா: சிமெண்டு, கம்பிக் கடைக்கு எந்த இருப்புக் கணக்கு தாங்கும்?

மதுரையில் கடை ஊருக்குள், குடோன் ரிங் ரோட்டிலோ கப்பலூர்ப் பக்கமோ என்று வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு உதைப்பது இந்த இடைவெளியில்தான்: லோடு காலையில் போயிருக்கும், பில் சாயங்காலம் விழும்.

குடோன் நோட்டின் பலம், சரக்கு வெளியேறும் நேரத்திலேயே பதிவாவது. ஆனால் கடையிலிருந்து இருப்பு தெரிய ஒவ்வொரு தடவையும் போன் போட வேண்டும். எக்செல் சில அயிட்டங்களுக்குச் சரி. இரண்டு பேர் இரண்டு காப்பி வைத்த நாளோடு அது முடிந்தது.

கணக்கு மென்பொருளான டாலியில் குடோன் வாரி இருப்பு, பேட்ச் (ஒரே தடவையில் தயாரான சரக்கின் அடையாளம்), மறு ஆர்டர் அளவு மூன்றும் உண்டு. சிமெண்டு மூட்டையில் அச்சிட்ட வாரத்தையும் ஆண்டையும் பேட்ச் எண்ணாகப் போட்டால் எது பழையது என்று தெரிந்து அதை முதலில் அனுப்பலாம். மூன்று மாதம் தாண்டினால் வலு குறையும். ஐப்பசி ஈரத்தில் அதற்கு முன்பே கட்டிதட்டும். டைல்ஸுக்கு ஷேடு எண்தான் பேட்ச். தினம் 80 மூட்டை விற்று, லோடு வர 4 நாள் ஆனால், 2 நாள் கையிருப்பும் சேர்த்து, இருப்பு 480 மூட்டைக்கு இறங்கும்போதே ஆர்டர் போக வேண்டும்.

டாலி சறுக்குவது கம்பியில். 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.888 கிலோ, 12 மீட்டர் நீளத்துக்கு 10.66 கிலோ. இது ஏட்டு எடைதான், நிஜ எடை மாறும். கம்பிக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1786 இந்த அளவுக்கு 5 சதவீதம் ஏற்ற இறக்கம் அனுமதிக்கிறது. எடை போட்டு வாங்கி எண்ணிக்கையில் விற்றால், 100 கம்பிக்கு 53 கிலோ வரை, அதாவது 5 கம்பி கணக்கில் கூடும் அல்லது குறையும். திருட்டு என்று லோடுமேனைச் சந்தேகிப்பதற்கு முன் இதைப் பாருங்கள்! கம்பிக்கு எண்ணிக்கையே முதல் அலகு. ஒவ்வொரு லோடின் எடைமேடைச் சீட்டில் உள்ள எடையையும் எண்ணிக்கையோடு சேர்த்துப் பதியுங்கள்.

பார்கோடு பெயிண்டு டப்பாவுக்கும் பிளம்பிங் சாமானுக்கும் நல்லது. தூசி படிந்த மூட்டையில் ஸ்டிக்கர் நிற்காது.

எங்கள் ஓட்டு டாலிக்கு, நோட்டைக் கைவிடாமல். வரிசை எண் போட்ட மூன்று நகல் டெலிவரி சீட்டு இல்லாமல் வண்டி குடோன் கேட்டைத் தாண்டக் கூடாது. ஒரு நகல் டிரைவருக்கு, ஒன்று குடோனுக்கு, ஒன்று கடைக்கு. கடைக்கு வந்ததை அன்றே டாலியில் டெலிவரி நோட்டாக ஏற்றி, பில்லைப் பிறகு அதோடு இணைக்கலாம். எண் விட்டுப்போனால் அன்று இரவே தேடுங்கள். வாரம் ஒருநாள் சிமெண்டையும் கம்பியையும் மட்டும் எண்ணினால் போதும், அதுவும் முதல் லோடு ஏறும் முன்.