மதுரைக்காரன் மதுரையில் ரூம் போட்ட கதை

மதுரை சிம்மக்கல்லில் இருந்த எங்கள் வீட்டை விற்று ஆறு வருடம் ஆகிறது. அதுவரைக்கும் மெல்பர்னிலிருந்து எப்போது வந்தாலும் பெட்டியை இறக்கிவைக்க ஒரு திண்ணை இருந்தது, எங்கே தங்குவது என்ற கேள்வியே எழுந்ததில்லை. போன தை மாதம் மதினியின் தங்கை மகளுக்குக் கல்யாணம். கூட வந்தவர்கள் மனைவி, மகள், அப்புறம் அம்மா. அம்மாவுக்கு 78 வயது, இடது முட்டி மடங்காது. அண்ணன் வீடு திருநகரில், ரெண்டே படுக்கையறை, நாங்கள் கிளம்புவதற்கு முன்பே அங்கே பாய் விரிக்க இடமில்லாமல் ஆள் சேர்ந்துவிட்டது. "நம்ம ஊர்ல நமக்கு எதுக்குடா லாட்ஜு" என்று அம்மா கிளம்பும் நாள் வரைக்கும் புலம்பினாள். எனக்கும் கொஞ்சம் கூச்சம்தான், ஆனால் வேறு வழியில்லை.

ரூம் போட்டது என் தப்பு. போனில் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்து, 'வைகை ஆற்றைப் பார்த்த அறை' என்று ஒன்று வந்ததும் மகள் குதித்தாள். அவளுக்கு ஆறு என்றால் மெல்பர்னில் ஓடும் யாரா நதிதான். மதுரைக்காரன் நானாவது யோசித்திருக்க வேண்டும். வைகையைப் பார்த்த ஜன்னல் என்றால் என்ன தெரியும் என்று ஊரில் எந்தச் சின்னப் பையனைக் கேட்டாலும் சொல்லிவிடுவான். ஆனாலும் பத்து வருடம் வெளியே இருந்தால் நமக்கும் மூளை சுற்றுலாப் பயணி மாதிரி ஆகிவிடுகிறது. போட்டுவிட்டேன். வடகரை, கோரிப்பாளையம் பக்கம், ரெண்டு ரூம், நாலு ராத்திரி.

சென்னையில் ரெண்டு நாள் இருந்துவிட்டு பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறினோம். பாண்டியன் மதுரைக்கு விடிகாலை அஞ்சரை வாக்கில் வந்துவிடும். இறங்கியதுமே ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரர் ஒருவர், "எங்கண்ணே போகணும், ரூம் போட்டாச்சா, நம்ம பய லாட்ஜு ஒண்ணு இருக்குண்ணே, ஏசி" என்று ஆரம்பித்தார். அவருக்கு அங்கே கமிஷன் உண்டு, அது ஊருக்கே தெரியும். ரூம் ரெடி என்று பெருமையாகச் சொல்லி, ஏ.வி. பாலத்தைத் தாண்டி அக்கரைக்குப் போனோம். ஆல்பர்ட் விக்டர் பெயரில் 1889இல் கட்டிய பாலம், இன்னமும் ஊரின் பாதிப் பாரத்தை அதுதான் சுமக்கிறது.

ஆறு மணிக்கு ரிசப்ஷனில் நின்றால், செக்-இன் பகல் 12 மணிக்கு என்றார்கள். நம்மூர் பழைய லாட்ஜுகளில் '24 மணி நேர செக்-அவுட்' என்று ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது: நீங்கள் காலை ஆறுக்கு நுழைந்தால் மறுநாள் காலை ஆறு வரைக்கும் ஒரு நாள் வாடகை. ராத்திரி ரயிலில் வந்து இறங்குபவர்களை மனதில் வைத்து ஏற்பட்ட வழக்கம். கொஞ்சம் பளபளப்பாகக் கட்டிய இடங்களில் மட்டும் இந்தப் பன்னிரண்டு மணிக் கணக்கு. முன்னாடியே உள்ளே விடச் சொன்னால் ஒரு நாள் வாடகை கூடுதலாகக் கேட்டார்கள். ஏதோ ஒரு வீம்பில் மாட்டேன் என்று சொல்லிவிட்டு, அம்மாவை லாபி சோபாவில் சாய்த்து உட்காரவைத்து, ஆறு மணி நேரம் காத்திருந்தோம். அந்த வீம்புக்காக மனைவி இன்னும் என்னை மன்னிக்கவில்லை. அவள் பக்கம்தான் நியாயம்.

பன்னிரண்டு ஆனதும் அடுத்த கூத்து. நாலு பாஸ்போர்ட்டையும் நீட்டினேன். நாலும் ஆஸ்திரேலியா. அந்தத் தம்பி நிமிர்ந்து என்னைப் பார்த்தார், திரும்பப் பாஸ்போர்ட்டைப் பார்த்தார். "சார், ஃபாரினரா?" என்றார். பிறந்த ஊர் என்ற இடத்தில் மதுரை என்று போட்டிருப்பதை விரலால் தொட்டுக் காட்டினேன். சிரித்தார், ஆனாலும் ஓனருக்குப் போன் போட்டார். வெளிநாட்டு பாஸ்போர்ட்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் லாட்ஜுக்காரர் அந்த விவரத்தை ஆன்லைனில் ஏற்ற வேண்டும், சி ஃபார்ம் என்று சொல்வார்கள். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளிக்காரர்களுக்குத் தரும் ஓசிஐ கார்டு வைத்திருந்தாலும் சட்டப்படி நாம் வெளிநாட்டவர்தான். இதற்குப் பதிவு செய்யாத லாட்ஜுகள் நிறைய, அவர்கள் கையை விரித்துவிடுவார்கள், அது அவர்கள் குற்றமும் இல்லை. இங்கே பதிவு இருந்தது, ஆனால் ஏற்றத் தெரிந்த ஆள் லீவு. இன்னும் முக்கால் மணி நேரம் போனது. ஊருக்கு வருகிறவர்கள் ரூம் போடும்போதே "சி ஃபார்ம் போடுவீங்களா" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ரூமைப் பற்றி ரொம்பச் சொல்ல வேண்டியதில்லை. லிஃப்ட் உண்டு, ஆனால் லிஃப்டுக்குப் போகப் பதினோரு படி ஏற வேண்டும். பாத்ரூம் வாசலில் ஒரு அடி உயரத்தில் மேடை, அதைத் தாண்டி வழுவழுப்பான டைல்ஸ், பிடித்துக்கொள்ள ஒரு கம்பி கிடையாது. சுடுதண்ணி காலை ஆறிலிருந்து எட்டு வரைக்கும் மட்டும். மகள் நேராக ஜன்னல் திரையை விலக்கினாள். கரையை ஒட்டிப் புதுச் சாலை, அதற்கு ஒரு சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் சீமைக்கருவேலம், மணல் திட்டில் துவைத்துக் காயப்போட்ட வேட்டிகள், தடுப்பணைப் பக்கம் தேங்கிய தண்ணீரை முழுக்க மூடி ஆகாயத்தாமரை. நாலு எருமை. "அப்பா, ரிவர் எங்கே?" என்றாள். அம்மாதான் பதில் சொன்னாள்: "அதாண்டி. அழகர் எறங்கும்போது வந்து பாரு, ஆளு தெரியும், ஆறு தெரியாது." வைகையில் தண்ணீர் ஓடும் நாள்கள் உண்டு, மழைக்காலத்தில் அணையைத் திறந்தால் ரெண்டு கரையும் தொட்டு ஓடும். அதை நம்பிக் கூடுதல் வாடகை கொடுக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். அங்கே தங்க முடியாது என்று தெரிந்தது அன்றைக்குச் சாயங்காலம்தான். அம்மாவுக்கு இந்தப் பயணத்தில் கல்யாணத்தை விடப் பெரிய ஆசை, பள்ளியறை பூஜை பார்ப்பது. ராத்திரி ஒன்பதரை வாக்கில் சொக்கநாதரின் பாதங்களைப் பல்லக்கில் வைத்து அம்மன் சன்னதிப் பள்ளியறைக்குக் கொண்டுபோவார்கள். சின்ன வயதில் தினமும் போய்விட்டு வந்து எங்களுக்குச் சோறு போட்டவள். வடகரையிலிருந்து ஆட்டோ பிடித்தோம், கோரிப்பாளையத்தில் நின்றோம், பாலத்தில் நின்றோம், யானைக்கல்லில் நின்றோம். சித்திரை வீதிக்குள் வண்டி விட மாட்டார்கள், ஆவணி மூல வீதிப் பக்கம் இறக்கிவிட்டார். அங்கிருந்து நடை. அப்புறம் செல்போன்: 2018இல் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்ததற்குப் பிறகு கோயிலுக்குள் போன் கொண்டுபோகத் தடை, வெளியே ஒப்படைத்து டோக்கன் வாங்க வேண்டும், அதற்கு ஒரு வரிசை, செருப்புக்கு ஒரு வரிசை. அம்மா சன்னதிக்கு வந்து சேரும்போது முட்டி வீங்கிவிட்டது. எட்டு மணிக்கே "போதும்டா, போயிரலாம்" என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலை நான் மட்டும் கிளம்பி இக்கரைக்கு வந்தேன். போன், படம், ஸ்டார் எதையும் பார்க்கப் போவதில்லை, நேரில் போய்ப் பார்ப்பது என்று முடிவு. ஸ்டேஷனுக்கு எதிரே மேல வெளி வீதி, அங்கிருந்து கோயிலின் மேலக் கோபுரத்தைப் பார்த்து நேராகப் போகும் டவுன்ஹால் ரோடு, அதைக் குறுக்கே வெட்டும் மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி, மேல மாரட் வீதி. மதுரையில் நடுத்தர விலை லாட்ஜுகளும் ஹோட்டல்களும் அதிகம் இருப்பது இந்தச் சின்ன வட்டாரத்தில்தான். அந்தத் தெருப் பெயர்களுக்கே ஒரு கதை உண்டு. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து ஊரை விரித்தபோது கூட நின்று வேலை பார்த்தவர்கள்தான் பெருமாள் மேஸ்திரியும் மாரட்டும். இடித்த வேலைக்குத் தெருவுக்கே அவர்கள் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள்.

ஏழு இடம் ஏறி இறங்கினேன். முதல் ரெண்டு இடத்தில் ரூமைக் காட்டச் சொல்லக் கூச்சமாக இருந்தது, அப்புறம் பழகிவிட்டது. ஒருவரும் முகம் சுளிக்கவில்லை, சாவியை ரூம் பாய் கையில் கொடுத்து "சாருக்கு ரெண்டு ரூம் காட்டுப்பா" என்பார்கள், அவ்வளவுதான். உள்ளே போனதும் நான் நேராகப் பாத்ரூமுக்குப் போவேன். வாசலில் படி இருக்கிறதா, கமோடுக்குப் பக்கத்தில் கை வைக்க ஏதாவது இருக்கிறதா, காலை பத்தரை மணிக்குக் குழாயைத் திறந்தால் சுடுதண்ணி வருகிறதா. ஒரு இடத்தில் எல்லாம் சரி, பின் ஜன்னலைத் திறந்தால் கைக்கு எட்டும் தூரத்தில் ஜெனரேட்டர். இன்னொரு இடத்தில் கீழேயே பார், மாடிப்படியில் சிகரெட் நாற்றம், குடும்பத்தோடு தங்க முடியாது. ஒரு இடத்தில் மொட்டைமாடியில் சாப்பாடு, அங்கிருந்து கோபுரம் தெரியும் என்று ஆசை காட்டினார்கள். அது உண்மைதான், கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டக் கூடாது என்று விதி இருக்கிறது, தெற்குக் கோபுரமோ 170 அடி, அதனால் இந்த வட்டாரத்தில் ரெண்டாவது மாடி ஏறினாலே போதும். ஆனால் அம்மாவை ரெண்டாவது மாடிக்கு யார் ஏற்றுவது?

ஆறாவதாகப் பார்த்த இடம் பழைய கட்டடம், பெயின்ட் கொஞ்சம் உரிந்திருந்தது, படம் எடுத்துப் போட்டால் யாரும் தொட மாட்டார்கள். ஆனால் தரைத்தளத்தில் ரூம் இருந்தது. மேனேஜர் அறுபது வயதுக்காரர், நெற்றியில் விபூதி. அம்மாவுக்கு முட்டி சரியில்லை என்று சொன்னதும் அவராகவே, "104 குடுக்கறேன், அதுல பாத்ரூமுக்குப் படி இல்ல. ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டுறச் சொல்றேன், உக்காந்து குளிக்கட்டும்" என்றார். நான் கேட்காமலேயே வந்த ஸ்டூல் அது. 24 மணி நேரக் கணக்கு. சி ஃபார்ம் பற்றிக் கேட்டேன். "சிங்கப்பூர், மலேசியா ஆளுக வராத மாசம் ஏது" என்று சிரித்தார். ஏழாவது இடத்தையும் ஒரு ஒழுங்குக்குப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து அட்வான்ஸ் கொடுத்தேன். ரூமுக்கு 2,900 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி 5 சதவீதம். 2025 செப்டம்பரிலிருந்து 7,500 ரூபாய் வரைக்கும் உள்ள அறைகளுக்கு 12லிருந்து 5 ஆகக் குறைத்துவிட்டார்கள், அதற்கு மேலே போனால் 18. பில்லில் ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

வடகரை ஹோட்டலில் மீதி மூணு ராத்திரிக்குப் பணம் திரும்பக் கிடைக்கவில்லை. சண்டை போட்டேன், விதியைக் காட்டினார்கள், விதி அவர்கள் பக்கம்தான் இருந்தது. விட்டுவிட்டேன்.

புது ரூமில் குறை இல்லாமல் இல்லை. எதிரே பரோட்டாக் கடை. ராத்திரி பன்னிரண்டு வரைக்கும் கொத்துப் பரோட்டா போடும் அந்த டங்டங் சத்தம், அது ஓய்ந்ததும் சரக்கு இறக்கும் வண்டி, நாலரைக்கு டீக்கடை ஸ்பீக்கரில் சாமி பாட்டு. தூங்கா நகரம் என்று ஊர் ஊராகப் பெருமை பேசியிருக்கிறேன், நடுவில் படுத்துப் பார்த்தால்தான் தெரிகிறது. மனைவி மூணாம் நாள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுத்தாள். அம்மா மட்டும் முதல் ராத்திரியே குறட்டை விட்டுத் தூங்கினாள்.

அன்றைக்கு ராத்திரி எட்டேமுக்காலுக்குக் கிளம்பினோம். போன்களை ரூமிலேயே பூட்டிவைத்தாயிற்று, செருப்பும் போடவில்லை. டவுன்ஹால் ரோட்டில் மெதுவாக நடந்தால் பத்து நிமிடம், அம்மா கணக்கில் இருபது. நடுவில் ஒரு பாத்திரக் கடைப் படியில் உட்கார்ந்தாள், கடைக்காரர் தண்ணீர் கொடுத்து "எந்த ஊரும்மா" என்றார். "சிம்மக்கல்" என்று யோசிக்காமல் சொன்னாள். நான் வாயைத் திறக்கவில்லை. பல்லக்கு வந்தபோது கூட்டம் அதிகமில்லை, நாதஸ்வரம் மெதுவாக வாசித்துக்கொண்டிருந்தார்கள், அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் கண்ணைத் திறக்கவில்லை. மூணு ராத்திரியும் போனாள். மூணாவது நாள் எங்களைக் கூப்பிடவே இல்லை, பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கல்யாண மண்டபம் கே.கே. நகரில். பழைய ஊரில் தங்கினால் அது தூரம்தான், ஆனால் முகூர்த்தம் விடிகாலை என்பதால் காலியான பாலத்தில் கால் மணி நேரத்தில் போய்விட்டோம். உங்களுக்குக் கோயில் முக்கியமில்லை, கல்யாணம்தான், கார் இருக்கிறது என்றால் வடகரையே நல்லது. அழகர்கோவில் சாலையில் பெரிய ஹோட்டல்கள் வரிசையாக இருக்கின்றன, பார்க்கிங் உண்டு, தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழக ஹோட்டலும் ஒன்று அங்கே இருக்கிறது. அமைதி வேண்டுமென்றால் பசுமலைக் குன்றின் மேலே, இல்லாவிட்டால் கோச்சடையில். கோச்சடையில் இருப்பது ஒரு காலத்து மதுரை கிளப், இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வரைந்தது. அங்கே ஒரு மத்தியானம் காபி மட்டும் குடித்துவிட்டு வந்தோம், கருங்கல் தூணும் மரநிழலும் மகளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. தங்கக் கட்டுப்படியாகாது.

நாளைப் பற்றி ஒரு வார்த்தை. கார்த்திகையிலிருந்து தை பிறக்கும் வரைக்கும் ஐயப்ப சாமிகள் வேன் வேனாக வந்து இறங்குவார்கள், கோயிலைச் சுற்றி ரூம் கிடைப்பது கஷ்டம். பொங்கலை ஒட்டி அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுக்கு வரும் கூட்டம். சித்திரைத் திருவிழாவைச் சொல்லவே வேண்டாம். அப்புறம், டீக்கடையிலிருந்து பூக்காரம்மா வரைக்கும் எல்லோரும் ஜிபேதான், நம் வெளிநாட்டு கார்டு ஹோட்டல் ரிசப்ஷனைத் தாண்டினால் பல இடங்களில் செல்லாது. பர்ஸில் நூறும் ஐம்பதுமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் நாள் சாவியைக் கொடுக்கும்போது மேனேஜர், "சித்திரைக்கு வர்றதா இருந்தா பங்குனி பொறக்கும்போதே ஒரு போன் போட்டுருங்க சார், எதிர்சேவைக்கெல்லாம் ஒரு ரூம் மிஞ்சாது" என்றார். வருவோமா என்று எனக்கே தெரியாது, பார்க்கலாம் என்று இழுத்தேன். அம்மா பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "104ஐயே எழுதிக்கங்க தம்பி" என்றாள்.