எல்லாருக்கும் ஒரே பாடமா, அவரவர் பாடமா?

மகளின் பட்டியல் கடைசியில் இரண்டே கல்லூரிகளில் வந்து நின்றது. இரண்டும் அமெரிக்காவில்: அனாபொலிஸில் இருக்கும் செயின்ட் ஜான்ஸ், மெய்ன் மாநிலக் கடற்கரையில் பார் ஹார்பரில் இருக்கும் காலேஜ் ஆஃப் தி அட்லாண்டிக். சின்ன வகுப்புகள், மாணவரைப் பெயர் சொல்லி அழைக்கும் ஆசிரியர்கள் எல்லாம் இரண்டிலும் உண்டு. அதை விட்டுவிடலாம்.

செயின்ட் ஜான்ஸில் 1937 முதல் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே பாடத்திட்டம். மூலநூல்களைப் படித்துவிட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேச வேண்டும். நாங்கள் போன அன்று முதலாண்டுப் பையன் ஒருவன் கரும்பலகையில் யூக்ளிட் தேற்றம் ஒன்றை நிறுவிக்கொண்டிருந்தான். பாதியில் சிக்கிவிட்டது. ட்யூட்டர் (அங்கே ஆசிரியரை இப்படித்தான் சொல்கிறார்கள்) வாயே திறக்கவில்லை. சாக்பீஸை விரலில் உருட்டியபடி நின்றவன், கொஞ்ச நேரத்தில் தானே ஒரு கோட்டை அழித்து வேறு கோடு போட்டான். எழுந்து வர எனக்கு மனசே இல்லை.

இருந்தும் அட்லாண்டிக்கைத்தான் எடுத்தோம். காரணம் ஒன்றுதான்: மனசு மாறினால் என்ன ஆகும்?

எங்கள் மகளுக்குப் பத்தாம் வகுப்பில் பறவைகள், பதினொன்றில் மண்பாண்டம், அப்புறம் திமிங்கலம். செயின்ட் ஜான்ஸில் ஆர்வம் திசை மாறினால் அதற்கென்று எடுக்கத் தனிப் பாடம் அநேகமாக இருக்காது. வேறு கல்லூரியிலிருந்து வருபவர்கள்கூட அங்கே முதலாண்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். அட்லாண்டிக்கில் துறைகளே கிடையாது. சுமார் 350 மாணவர்கள்; எல்லாருக்கும் மனிதச் சூழலியல் என்ற ஒரே பட்டம்; மனிதருக்கும் சுற்றுச்சூழலுக்கும் உள்ள உறவைப் பற்றிய படிப்பு அது. அதற்குள் எதைப் படிப்பது என்பதை ஆலோசகரோடு பேசி அவரவரே அமைத்துக்கொள்ளலாம். திமிங்கலம் என்று போனவள் இப்போது மீன்பிடிச் சட்டங்களில் மூழ்கியிருக்கிறாள். முன்பு படித்த ஒரு பாடமும் வீணாகவில்லை, எல்லாம் அதே பட்டத்தில் சேர்ந்துகொண்டது. கல்லூரி நிர்வாகக் குழுக்களிலும் மாணவர்கள் உட்காருகிறார்கள். எதையும் கேள்வி கேட்டே பழகியவளுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது.

குறையும் உண்டு. இடம் சின்னது என்பதால் விரும்பிய பாடம் எல்லா ஆண்டும் இருக்காது. சுற்றுலாப் பயணிகள் போனபின் குளிர்காலத்தில் ஊரே அடங்கிவிடும். அவள் இரண்டாம் ஆண்டில்தான் இருக்கிறாள். கடைசி ஆண்டு புராஜெக்ட் எப்படிப் போகிறது என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும். செயின்ட் ஜான்ஸுக்கு சாண்டா ஃபேயில் இருக்கும் இன்னொரு வளாகத்துக்கும் நாங்கள் போனதில்லை.

என் தம்பி மகன் வேறு மாதிரி. ஒரே புத்தகத்தை நாலு முறை படித்துவிட்டு இரவெல்லாம் வாதாடுவான். அவனுக்குத் தயங்காமல் செயின்ட் ஜான்ஸைத்தான் சொல்லியிருக்கிறேன்.